மாசிலாமணிக்குக் கிடைத்த பதவி

கோட்டைக்கு வாசல் நான்கு, ராஜாவுக்குப் பயம் ஒன்று. பேர் என்னவோ அஞ்சாசிங்க பூபதிதான். ஆனால் சாவு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், சிங்கம் போர்வைக்குள் போய்விடும். ஒருநாள் பொறுக்க முடியாமல், சாவு, இறப்பு என்று எவனும் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது, மீறினால் நாக்கில் சூடு என்று தண்டோரா போட்டுவிட்டார்.

ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காவல்காரர்கள் சாவி என்று சொல்லப் பயந்து அதைப் 'பூட்டுக்குப் பெண்டாட்டி' என்றார்கள். சாவடியில் படுத்து எழுந்த வெளியூர்க்காரன், எங்கே தங்கினாய் என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தான். செத்தை கூட்டுகிறவள் வாயைப் பொத்திக்கொண்டே கூட்டினாள்.

இந்த லட்சணத்தில்தான் ஆவுடையம்மாள், சபையில் வாய்த்துடுக்குக்காகவே சோறு வாங்கும் சொக்காண்டியைத் தேடி வந்தாள். அவள் புருஷன் அரண்மனைக் குதிரைக்காரன். இரண்டு மாதத்துக்கு முன்னால் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த நாட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரண்மனை ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்று தடவை குரல் கொடுக்காதவன் ஓடிப்போனவன், அவன் வீட்டுக்கு அரண்மனை முத்திரை விழும். ஆள் இல்லை என்பதற்கு ஓலை காட்டினால் வீடு பெண்டாட்டிக்கு. இரண்டு பௌர்ணமி கழிந்துவிட்டது. மூன்றாவது நாளை மறுநாள்.

"ஓலைக்கூடத்துல போய்க் கேட்டேங்க. அப்படி ஒரு ஓலையே இந்த ராஜ்யத்துல கிடையாதுன்னுட்டார் நாயகர்" என்றாள். "நாளான்னைக்கு நானும் என் ரெண்டு பொண்ணுங்களும் தெருவுலதான்."

சொக்காண்டிக்கு மனசு தாங்கவில்லை. புருஷன் பேர் என்ன என்று கேட்டான். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்கிற பெண்ணா அவள்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எதிரே கோயிலில் தொங்கிய மணியைக் கைகாட்டினாள்.

"அதுதாங்க. ஆனா அழுக்கு இல்லாதது."

மாசிலாமணியா என்று சொக்காண்டி கேட்டதும், அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருவரும் ஓலைக்கூடத்துக்குப் போனார்கள். அதற்குத் தலைவர் ஓலைநாயகம் பரஞ்சோதியார். அவருடைய மச்சினன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து ஆவுடையம்மாள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். பூனை எதற்காகச் சுற்றுகிறது என்று சொக்காண்டிக்குப் புரிந்துவிட்டது.

நாயகர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அலமாரிகளைக் காட்டினார். பிறப்பு ஓலை ஒரு பக்கம், கல்யாண ஓலை ஒரு பக்கம், பதவி ஓலை ஒரு பக்கம். வேண்டுமானால் தேடிக்கொள், வேறு எதுவும் இங்கே இல்லை என்றார்.

சொக்காண்டி யோசித்தான். சொல்லத்தான் தடை, போகிறவர்கள் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? அவர்களை எந்தப் பேரில் எழுதியிருப்பார்கள்? நேரே பதவி ஓலைக் கட்டை அவிழ்த்தான். புதுத் தளபதிக்கும் புதுச் சமையல் தலைவனுக்கும் நடுவில், நாயகரின் கையெழுத்திலேயே இருந்தது: 'குதிரைக்காரன் மாசிலாமணி, சிவலோக பதவி அடைந்தார்.'

"கிடைச்சிடுச்சு நாயகரே. முத்திரை வச்சுக் கொடுங்க."

நாயகர் சிரித்தார். "இது பதவி ஓலையப்பா. வேற இடத்துல பதவிக்குப் போனவனுக்கு இங்க எதுக்கு வீடு?"

ஆவுடையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சொக்காண்டி மட்டும், அதுவும் சரிதான் என்று தலையாட்டி, ஓலையை மடியில் செருகிக்கொண்டு புறப்பட்டான்.

மறுநாள் சபை கூடியதும் சொக்காண்டி, ராஜாவின் உப்பைத் தின்ற குதிரைக்காரன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு ராஜாவிடம் பதவி ஏற்றுவிட்டான் என்று புகார் வைத்தான். யார் சொன்னது என்று ராஜா கேட்க, ஓலைநாயகமே சொன்னார் என்றான். நாயகருக்கு இல்லை என்று சொல்லவும் வழியில்லை. ராஜாவுக்கு மீசை துடித்தது.

"இப்போதே ஆள் போகட்டும். அவனைப் பிடித்து இழுத்து வரவேண்டும். இது என் வாக்கு. வழி தெரிந்தவர் யார்?"

"ஓலை எழுதியவருக்குத்தான் தெரியும், மகாராஜா" என்றான் சொக்காண்டி. "வழிப்பயணத்துக்கு எல்லாம் தயார். வாசலில் பல்லக்கு கட்டி வைத்திருக்கிறேன். பச்சை மூங்கில். நாலு பேர் தூக்குவார்கள். முன்னால் சங்கு ஊத ஆளும் வந்தாயிற்று."

எந்த ஊருக்கு இப்படி ஒரு பயணம் என்று ராஜா கேட்டார். சொக்காண்டி ஓலையைப் பணிவாக நாயகர் கையில் கொடுத்தான். நாயகர் "சிவலோக" வரைக்கும் வாசித்தார். வாசலில் சங்கு ஒருமுறை முழங்கியது. அவ்வளவுதான், ஓலையைப் போட்டுவிட்டு ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, அவன் செத்துட்டான்! ரெண்டு மாசம் முன்னாடியே செத்துட்டான். சுடுகாடு வரைக்கும் நானே போனேன், நிஜமாவே செத்துட்டான்!"

சபையில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கூரை விழவில்லை. ராஜா தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகத் தாமே "செத்துட்டான்" என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. "சாவி" என்றார். "சாவடி" என்றார். "செத்தை!" என்று கூவிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சபையும் சேர்ந்துகொண்டது. பூட்டின் பெண்டாட்டிக்கு அன்றைக்குத்தான் சொந்தப் பேர் திரும்பக் கிடைத்தது.

தண்டோரா ரத்தானது. நாயகர் கையாலேயே 'இறந்தார்' என்று எழுதி, முத்திரை வைத்து, சபை ஓரத்தில் தன் பெண்களோடு நின்ற ஆவுடையம்மாளிடம் கொடுக்க வைத்தார் ராஜா. நாயகரின் மச்சினனுக்குக் கிணற்றில் ஆசை இருந்ததே, அவனை ஊர்க் கிணறுகளுக்குத் தூர் வாரப் போட்டார். ஆவுடையம்மாள் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெண்களை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"சொக்காண்டி, என் பயத்தையே விரட்டிவிட்டாய். உனக்கு என்ன பதவி வேண்டும்? கேள், தருகிறேன்" என்றார் ராஜா.

சொக்காண்டி வாசலைத் திரும்பிப் பார்த்தான். பச்சை மூங்கில் பல்லக்கும் நாலு பேரும் இன்னும் அங்கேயே காத்திருந்தார்கள்.

"எந்தப் பதவியானாலும் சரி மகாராஜா, இந்த லோகத்திலேயே பார்த்துக் கொடுங்கள்."