யானை வாங்கிய அஞ்சுகம்

முன்னொரு காலத்தில் மருதேரி நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனம் குளிர்ந்தால் தலைப்பாகையைக் கழற்றிக் கொடுப்பார். கசந்தால் தலையையே கேட்பார்.

அவர் சபைக்கு ஒரு நாள் உப்பு வணிகர் மகள் அஞ்சுகம் வந்தாள். அவள் அப்பா சாகும்போது ஒரு குடம் பொன்னை அரண்மனை அதிகாரி பேரம்பலத்திடம் ஒப்படைத்து, "மகளுக்குப் புத்தி தெளிந்ததும் கொடுங்கள்" என்றிருந்தார். கல்யாண வயது வந்தும் பொன் வரவில்லை. அமாவாசைக்குள் கடனை அடைக்காவிட்டால் அப்பாவின் உப்பளம் கைமாறிவிடும்.

"இன்னும் தெளியவில்லை, பிரபு. பச்சைக் குழந்தை" என்றார் பேரம்பலம்.

அமைச்சர் சேந்தனார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வெற்றிலை பேரம்பலத்தின் வெள்ளிப் பெட்டியிலிருந்து வந்ததை அஞ்சுகம் கவனித்தாள். இவரையும் வாங்கிவிட்டானோ?

"அதிகாரி சொன்னால் சரிதான்" என்றார் அமைச்சர். "ஆனால் புத்தி தெளியாத பிள்ளை எதை வாங்கினாலும் காப்பாளர்தான் விலை கொடுக்கவேண்டும். அது நம் நாட்டு வழக்கம். சம்மதமா?"

"வளையலும் சீப்பும்தானே? தாராளமாக."

அமைச்சர் அவளிடம் திரும்பினார். "உனக்கு யானை பிடிக்குமா, அம்மா?"

சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கேலியா, யோசனையா? வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். யானைச் சந்தை வந்ததும் நின்றாள்.

மறுநாள் காலை பேரம்பலம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பிரபு, என் வாசலில் யானை நிற்கிறது. வாழைத்தோப்பில் பாதியைக் காணோம். விலையைக் கொடுக்காமல் நகரமாட்டேன் என்கிறான் பாகன்."

"பாவம், குழந்தை ஏமாந்துவிட்டது" என்றார் அமைச்சர்.

"அவளா ஏமாறுவாள்? காது மடிப்பைப் பார்த்தே வயதைச் சொன்னாளாம். காலில் பழைய புண்ணைக் காட்டி விலையைப் பாதியாக்கியிருக்கிறாள். அம்பாரி இனாம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று பாகனிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறாள். உங்கள் சிம்மாசனத்தையே விற்றுவிடுவாள், அத்தனை கெட்டிக்காரி."

ராஜா மீசையைத் தடவினார். "அப்படியானால் புத்தி தெளிந்துவிட்டதா? இல்லையென்றால் யானை உமக்கு. ஆமென்றால் குடம் அவளுக்கு."

பேரம்பலம் வீட்டுக்கு ஆளனுப்பினார். குடமும் வந்தது, அஞ்சுகமும் வந்தாள்.

அஞ்சுகம் முழங்கைவரை கையை விட்டு அடியைத் துழாவினாள்.

"என் முன்னிலையிலுமா சந்தேகம்?" என்றார் ராஜா.

"உங்கள் முன்னிலையில்தானே பிரபு, அவர் என்னைக் குழந்தை என்றார்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். யானை சந்தைக்குத் திரும்பும்வரை அதைக் குளிப்பாட்டும் வேலை பேரம்பலத்துக்கு என்றார். தலைப்பாகையைக் கழற்றி அஞ்சுகத்திடம் நீட்டினார்.

அவள் அதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.