மேல் கழிக்கு எட்டாத நெடி

காட்டோரக் குளத்தங்கரையில் ஒரு கோழிப்பட்டி இருந்தது. சுற்றிலும் முள்வேலி, மேலே ஓலைக் கூரை. எந்தக் காலத்திலோ யாரோ கட்டிவிட்டுப் போனது. கோழிகள் குடியேறிவிட்டன. நரியும் கீரியும் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து, சப்புக்கொட்டிக்கொண்டு திரும்பிப் போகும்.

உள்ளே ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று கழிகள். பொழுது சாய்ந்ததும் கோழிகள் அவற்றில் ஏறித் தூங்கும். இரவெல்லாம் எச்சம் தரையில் விழும். விடிந்ததும் எல்லாரும் இறங்கி, தரையில் பரப்பிய சருகைக் கிளறிப் புரட்டுவார்கள். ஈரமானதை வெளியே தள்ளிவிட்டுக் காய்ந்த சருகைப் போடுவார்கள். அதன் பிறகுதான் இரை. அதனால் அந்தப் பட்டியில் நாற்றம் என்ற பேச்சே கிடையாது.

அந்த ஆண்டு சாம்பி என்ற கோழி அடை உட்கார்ந்தாள். முட்டையை விட்டு எழ முடியாதவளுக்குக் கழி ஏது? தரையில் ஒரு மூலைதான். போன தடவை இட்ட முட்டைகளைப் பாம்பு குடித்துவிட்டது. இந்தத் தடவை அவள் தன் உயிரையே அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது.

பட்டிக்குத் தலைவன் கொடிவாலன் என்ற சேவல். மேல் கழி அவனுடையது. தான் கூவாவிட்டால் பொழுதே விடியாது என்று இருப்பவனுக்குக் குனிந்து பார்க்க நேரம் ஏது! அன்று காலை அவன் கீழே எட்டிப் பார்த்தான். சருகு நசநசவென்று கிடந்தது.

“சீ! இதுலயா காலை வைக்கிறது? மழை விடட்டும், பாத்துக்கலாம்!” என்றான்.

“நல்ல யோசனை மாமா!” என்றாள் பக்கத்தில் இருந்த வெள்ளைக் கோழி மினுக்கி. அவளுக்குக் கால் அழுக்காவது பிடிக்காது.

மழை விடவில்லை. இரைக்குப் போகும்போதும் வரும்போதும் கழிக்கும் வாசலுக்கும் நேரே பறந்தார்களே தவிர, கிளறுவார் யாரும் இல்லை. எச்சமும் ஈரமும் ஊறித் தரையிலிருந்து ஒரு நெடி கிளம்பியது.

“என்னங்க, கீழ நெடி தாங்கல! கண்ணெல்லாம் எரியுது. எல்லாரும் இறங்கி ஒரு தடவை கிளறுங்களேன்!” என்று கெஞ்சினாள் சாம்பி.

கொடிவாலன் மேலே இருந்தபடியே மூக்கை உறிஞ்சினான். “நெடியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே! மினுக்கி, உனக்கு?”

“எனக்கும் இல்ல மாமா! அடை உக்காந்தா இப்படித்தான், எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கத் தோணும்!”

அவர்கள் பொய் சொல்லவில்லை. தரையில் கிளம்பிய நெடியை, மேலே போவதற்குள் கூரையோரக் காற்று கலைத்துவிட்டது. கீழ்க் கழிக் கோழிகளுக்கு மட்டும் லேசாக உறைத்தது. அவை வாயைத் திறக்காமல் நடுக் கழிக்கு ஏறிக்கொண்டன.

குஞ்சுகள் பொரிந்தன. “என் பிள்ளைங்க! என் பிள்ளைங்க!” என்று கொடிவாலன் மேலிருந்து கூரை அதிரக் கூவினான். மினுக்கி ஒரு துளசிக் கொத்தைக் கொண்டுவந்து மேல் கழியில் செருகினாள்.

“இப்ப மணக்குதா அக்கா?” என்று கேட்டாள்.

“மேல மணக்கும்” என்றாள் சாம்பி.

பகலெல்லாம் அவள் ஒருத்தியாகக் கிளறினாள். கிளறிய இடத்தில் இரவு மறுபடி எச்சம் விழுந்தது. மூலையில் குடியிருந்த தேரை ஒரு நாள் மூட்டை கட்டியது.

“அக்கா, நான் சேத்துல பொறந்தவன். எனக்கே இங்க மூச்சு முட்டுது. குளத்துக்குப் போறேன், நீயும் வந்துரு!”

“வெளிய மழை. கீரி வேற. இதுகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கடா போவேன்?”

தேரை தத்தித் தத்தி வெளியே கிளம்பியது. அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

குஞ்சுகள் தும்மின. பிறகு இரைக்குக் கத்துவதை நிறுத்தின. ஒரு நாள் நன்றாக விடிந்த பிறகு, மூத்த குஞ்சு அவள் இறக்கைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. அதன் கண்கள் வீங்கி ஒட்டியிருந்தன.

“அம்மா, விடிஞ்சிருச்சா?”

சாம்பி அதை மறுபடி இறக்கைக்குள் அணைத்துக்கொண்டாள். “இன்னும் இல்லடா கண்ணு. தூங்கு” என்றாள்.

அது தூங்கியது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சாம்பி போட்ட அலறலில் கொடிவாலன் பறந்து இறங்கினான். பிள்ளைகளைப் பார்க்க அவள் இறக்கைக்கு அடியில் தலையை நுழைத்தான். அவ்வளவு கீழே அவன் குனிந்தது அதுதான் முதல் தடவை. கண் எரிந்து நீர் கொட்டியது. மூச்சு அடைத்தது.

“ஐயோ! இத்தனை நாளும் இங்கயா படுத்திருந்தே?”

“இங்கதாங்க. சொன்னேனே.”

கொடிவாலன் தலையை வெளியே இழுத்தான். அந்த நசநசப்பில் இரண்டு காலையும் ஊன்றிக் கிளற ஆரம்பித்தான். “இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!” என்று கத்தினான். மினுக்கியும் இறங்கினாள். ஈரத்தை எல்லாம் வெளியே தள்ளினார்கள். பாறை இடுக்கில் நனையாமல் கிடந்த சருகைக் கொண்டுவந்து பரப்பினார்கள். பொழுது சாயும்போது தரை பழையபடி மெத்தென்று ஆகிவிட்டது. நெடி போய்விட்டது. ஆனால் அதற்குள் கடைசிக் குஞ்சும் சாம்பியின் அடியில் சில்லிட்டுப் போயிருந்தது.

மழை விட்டு வெயில் வந்தது. சாம்பி மேயப் போனாள். ஒரு கரையான் புற்று சரிந்து கிடந்தது. வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள் ஊர்ந்தன. அவள் தன்னை மறந்து, “கொக், கொக், கொக்!” என்று பிள்ளைகளைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் காத்து நின்றாள். கரையான்கள் எல்லாம் மண்ணுக்குள் போய் மறையும்வரை நின்றாள். அவள் ஒன்றைக்கூடக் கொத்தவில்லை.

தூரத்தில் நின்ற கொடிவாலன் அவள் கூப்பிட்டதைக் கேட்டான். பாவம், கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காத காது! அதன் பிறகு அந்தப் பட்டியில் யார் அடை உட்கார்ந்தாலும், அவன் மேல் கழிக்கு ஏறுவதில்லை. அவள் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டான்.

நீதி: மேலே இருப்பவர் தம் மூக்கை நம்பிக் கீழே இருப்பவரின் துன்பத்தை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது; உடனே இறங்கி வந்து பார்க்க வேண்டும்.