அளவு பாத்த குழி

"சாமி, உங்கள எங்க பொதைக்கிறது?"

வீரணன் இதக் கேட்டப்ப சருகுச்சாமி கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. வாயில இருந்தத முழுங்கிட்டு நிமிந்து பாத்தாரு.

"மொதல்ல சாக விடுங்கண்ணே."

"அதுக்கில்ல சாமி. மழை வரப்போகுது. மழையில குழி வெட்டுறது செரமம்."

"அதுவும் நியாயந்தான். மழைக்கு முந்திப் போய்ச் சேரப் பாக்குறேன்."

சொல்லிட்டு மிச்சக் கஞ்சியக் குடிச்சாரு.

குருவுக்கு நாப்பதுக்குக் கொஞ்சம் மேல. சீடரு வீரணனுக்கு அறுபது தாண்டிருச்சு. அதனால இவரு அவர சாமிம்பாரு, அவரு இவர அண்ணேம்பாரு. காட்டுல கெடக்குற சருகக் குமிச்சு அதுமேல படுக்கிறதால சருகுச்சாமின்னு பேரு. அந்தக் காட்டுல அவரத் தேடி வந்தவங்க நெறையப் பேரு. தங்குனது வீரணன் மட்டுந்தான்.

சாமி வயித்துல தேங்கா அளவுக்கு ஒரு கட்டி. டவுன் ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொன்னாங்க. வீடு இல்லாததால காட்டுக்கே திரும்பி வந்துட்டாரு.

காட்டுக்குள்ள மலையில இருந்து ஒரு ஓடை எறங்கி வருது. ஓடைய ஒட்டி ரெண்டு திட்டு, படிக்கட்டு மாதிரி. கீழ்த்திட்டு தண்ணிக்குப் பக்கத்துல. மேல்திட்டு ரெண்டாள் ஒசரத்துல. என்னைக்கோ ஒரு காலத்துல ஓடை அந்த ஒசரத்துல ஓடுனதுதான். அறுத்துக்கிட்டுக் கீழ எறங்குனப்ப, கொண்டாந்து போட்ட மண்ணையும் கல்லையும் அங்கயே விட்டுட்டுப் போயிருச்சு. சாமியோட குடிசை மேல்திட்டுல.

"மேலயே வச்சிருங்கண்ணே," ன்னாரு சாமி.

"வேணாம் சாமி."

"ஏன், வாடகை கேக்குறாங்களா?"

"மேல எதுவும் தங்காது சாமி. போன வருசம் செத்துப்போன மாட்ட அங்கதான் பொதச்சோம். இப்ப தோண்டிப் பாத்தேன். தோலக் காணோம், சதையக் காணோம். எலும்பச் சுத்தி வேரு ஓடிக் கெடக்கு."

"செத்த மாட்ட எதுக்குத் தோண்டிப் பாத்தீங்க?"

வீரணன் பேச்ச மாத்துனாரு.

"கீழ்த்திட்டுல வைக்கிறேன் சாமி. அங்க வச்சா அப்படியே இருப்பீங்க. மூஞ்சிகூட மாறாது. கும்புட வர்ற சனத்துக்கு நீங்க உள்ள இருக்கீங்கன்னு ஒரு நம்பிக்கை வேணும்ல?"

"அப்படியே இருப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லுவாங்க."

"யாரு?"

"பொதுவாச் சொல்லுவாங்க."

யாரும் சொல்லல. வீரணன் கண்ணால பாத்தது அது.

அவரு மகன் தவசி. எட்டு வயசு. அந்தக் காட்டுல மரம் வெட்டுற வேலைக்கு அப்பனும் மகனுமா வந்த எடத்துல காய்ச்சல் கண்டு செத்துப்போயிட்டான். மேல்திட்டுல குழி வெட்டப் போனாரு. ஒரு முழத்துக்குக் கீழ கூழாங்கல்லு. கடப்பாரை தெறிக்குது, பொழுதும் சாயுது. கீழ்த்திட்டுக்கு எறங்கி வந்தாரு. அங்க களிமண்ணு. மம்பட்டிய வச்சாலே எறங்குச்சு. அங்கயே பொதச்சிட்டாரு.

மூணு மழைக்காலம் கழிச்சு ஓடையில வெள்ளம் வந்து கரைய அறுத்துருச்சு. போய்ப் பாத்தப்ப பய மூஞ்சி வெளியில தெரிஞ்சிச்சு. ஒடம்பு அழுகல. வெளுத்துப்போய், சோப்புக்கட்டி மாதிரி ஆகி, ஆனா அவந்தான். அந்தக் கன்னம், அந்த மூக்கு. ஒரு கையும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

வீரணன் களிமண்ணக் கொழச்சு அப்பி மூடிட்டாரு. யாருகிட்டயும் சொல்லல. பொண்டாட்டி அதுக்கு முந்தியே பொறந்த வீட்டுக்குப் போனவ, திரும்பல. மகன் தன்னை விட்டுப் போகலன்னு வீரணன் முடிவு பண்ணிக்கிட்டாரு. அதுக்கப்புறந்தான் சாமிகிட்ட வந்து, என்னையச் சீடனாச் சேத்துக்கங்கன்னு கேட்டாரு.

சாயங்காலம் ஆனா கீழ்த்திட்டுக்குப் போவாரு. கரையில வெடிப்பு விழுந்த எடத்துல புதுக் களிமண்ணு அப்புவாரு. வெயில் காலத்துல காஞ்சிறக் கூடாதுன்னு ஓடைத்தண்ணிய மொண்டு ஊத்துவாரு. திரும்பி வரும்போது கையெல்லாம் நீலமும் சாம்பலுமாச் சேறு ஒட்டியிருக்கும்.

எங்க போயிட்டு வர்றீங்கன்னு சாமி ஒரு நாளும் கேட்டதில்ல.

"சரி," ன்னாரு சாமி. "மேல ஒரு குழி மட்டும் வெட்டிக் காட்டுங்க. எதுனால வேணாங்குறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

வீரணன் வெட்டுனாரு. மேலாக்க சருகு. அடுத்து மக்குன கருப்பு மண்ணு, கையில எடுத்தா பொலபொலன்னு உதிருது. அதுக்குக் கீழ செம்பழுப்பு மண்ணு. மண்புழு ஓட்டை, எறும்பு ஓட்டை, மரத்து வேரு எந்தப் பக்கம் வெட்டுனாலும் உள்ள எறங்கிப் போகுது. கடைசியில அந்தக் கூழாங்கல்லு.

"ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க."

ஊத்துனாரு. கொடத்த நிமித்தி வச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள தண்ணியக் காணோம். ஈரம் மட்டும் இருந்துச்சு. இன்னொரு கொடம் கொண்டாந்து ஊத்துனாரு. அதுவும் போச்சு.

"பாத்தீங்களா சாமி, நிக்க மாட்டேங்குது."

"நிக்கச் சொல்லிப் பாருங்க."

"வெளையாடாதீங்க சாமி. தண்ணியவே வச்சுக்க மாட்டேங்குற மண்ணு, உங்கள எப்படி வச்சுக்கும்?"

சாமி குழிக்குள்ள எட்டிப் பாத்தாரு. "நல்ல கேள்வி," ன்னுட்டு, வயித்தப் புடிச்சுக்கிட்டுக் குடிசைக்குள்ள போயிட்டாரு.

வீரணன் அந்தக் குழிய மூடிட்டாரு. சாமி அசந்து தூங்குற நேரமாப் பாத்துக் கீழ்த்திட்டுல இன்னொரு குழி வெட்டுனாரு. மகனுக்குப் பக்கத்துல, ஒரு கை தள்ளி. ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருக்கும்னு ஒரு கணக்கு. சாமியாருங்கள எரிக்கிறதில்ல, படுக்க வச்சும் பொதைக்கிறதில்ல. சம்மணம் போட்டு உக்கார வச்சு, உப்பும் விபூதியும் கொட்டி மூடணும். அதுக்குத் தக்கன ஆழமா வெட்டி வச்சாரு.

அன்னைக்கே மழை புடிச்சிருச்சு.

விடாம அடிச்ச மழையில சாமி ரொம்பத் தளந்து போனாரு. கஞ்சி எறங்கல. காத்துல கீழ்த்திட்டு மரம் ஒண்ணு சாஞ்சு விழுந்த சத்தம் குடிசை வரைக்கும் கேட்டுச்சு. மழை கொஞ்சம் ஓஞ்ச ஒரு மத்தியானம் கண்ணத் தொறந்தாரு.

"அண்ணே, அந்தக் குழியப் பாக்கணும்."

"எந்தக் குழி சாமி?"

"நான் தூங்குறப்ப வெட்டுனீங்களே, அது."

வீரணன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சாமிய முதுகுல தூக்கிக்கிட்டாரு. மனுசன் பாதிதான் இருந்தாரு. கட்டி மட்டும் முதுகுல இடிச்சிச்சு.

மேல்திட்டுல நடந்தப்ப காலுக்கடியில சருகுதான் ஈரம், ஒரு எடத்துல தண்ணி தேங்கல. கீழ எறங்குனா கணுக்கால் வரைக்கும் சேறு. சாஞ்ச மரம் வழியில கெடந்துச்சு. வேரு தட்டு மாதிரி அகலமாப் பெயந்து நிக்குது. ஆழத்துக்குப் போன வேரு ஒண்ணுகூட இல்ல.

குழியில பாதிக்குத் தண்ணி நின்னுச்சு. சுத்துச் செவரு சாம்பல் கலரு, அங்கங்க துருப்புடிச்ச மாதிரிக் கோடு. கூமுட்டை நாத்தம் அடிச்சிச்சு.

"எறைச்சிருவேன் சாமி. உங்கள உக்கார வைக்கிறதுக்கு முந்தி நல்லா எறைச்சிருவேன்."

சாமி சாஞ்ச மரத்து மேல உக்காந்தாரு.

"வெட்டுனவந்தான் மொதல்ல உக்காந்து அளவு பாக்கணும். நம்ம பக்கத்து வழக்கம் அதுதானண்ணே?"

"ஆமா சாமி."

"எறங்குங்க."

வீரணன் எறங்கிச் சம்மணம் போட்டு உக்காந்தாரு. தண்ணி நெஞ்சு மட்டத்துக்கு வந்துச்சு.

"அளவு சரியா இருக்கு சாமி."

"நல்லது. கொஞ்சம் இருங்க."

இருந்தாரு. மொதல்ல குளிருச்சு. அப்புறம் தொடை மரத்துப்போச்சு. சாமி மரத்து மேல கண்ண மூடிக்கிட்டாரு.

"எந்திரிக்கட்டா சாமி?"

"என்ன அவசரம்? நான் ரொம்ப நாளு இருக்கப்போற எடம். நீங்க கொஞ்ச நேரம் இருந்து பாருங்க."

தூறல் போட்டுச்சு. மேல்திட்டுல எங்கயோ ஒரு குருவி கத்துச்சு. வீரணனுக்குப் பல்லு தந்தி அடிக்க ஆரம்பிச்சிருச்சு.

"சாமி, செத்ததுக்கப்புறம் ஒடம்புக்குக் குளிரு தெரியாது சாமி."

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு என்னைய உக்கார வச்சிருக்கீங்க?"

"நீங்க சாகலையேண்ணே."

தண்ணி கொஞ்சங்கூட எறங்கல. எந்தப் பக்கமும் போக வழியில்லாம அவரோடயே உக்காந்திருந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு சாமி ஓடைக் கரையப் பாத்தாரு. களிமண்ணு அப்பி அப்பி, ஒரு எடம் மட்டும் வழவழன்னு புடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

"பக்கத்துல யாருண்ணே இருக்கா?"

வீரணன் அந்தப் புடைப்பத் திரும்பிப் பாத்தாரு.

"எம்மவன்."

"பேரு?"

அந்தப் பேர வாய்விட்டுச் சொல்லி வருசக்கணக்காச்சு.

"தவசி."

சாமி தலைய ஆட்டுனாரு. பக்கத்து வீட்டுக்காரன் பேரக் கேட்டுக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

"விரலக் காட்டுங்கண்ணே."

வீரணன் ரெண்டு கையையும் தண்ணிக்கு மேல தூக்குனாரு.

வெளுத்துப் போயிருந்துச்சு. நுனியெல்லாம் சுருங்கி, ஊறி, செத்த தோலாத் தொங்குச்சு.

அந்த விரல அவரு ஏற்கனவே பாத்திருக்காரு. கரைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் சாமி எந்திரிங்கன்னு சொல்லல. வீரணனும் கேக்கல. கைய அப்படியே தூக்கிப் புடிச்சுக்கிட்டு, பாத்துக்கிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சத்தம் வந்துச்சு அவருகிட்ட இருந்து. மகனப் பொதச்சப்பவும், வெள்ளத்துக்குப் பிந்தியும் வராம நின்னுக்கிட்டு இருந்த அழுகை.

அழுது ஓஞ்சு, எந்திரிக்கப் பாத்தாரு. முடியல. களிமண்ணு கால உறிஞ்சிப் புடிச்சிருந்துச்சு. சாமி மரத்துல இருந்து எறங்கி, மண்டி போட்டு, ஒரு கைய நீட்டுனாரு. குச்சி மாதிரிக் கை.

"பாத்துண்ணே. ரெண்டு பேரும் உள்ள விழுந்துட்டா மூடுறதுக்கு ஆளில்ல."

மறுநாள் வெயில் அடிச்சிச்சு.

மேல்திட்டுல வீரணன் பொழுது விடிஞ்சதுல இருந்து வெட்டிக்கிட்டு இருந்தாரு. கூழாங்கல்லுல கடப்பாரை தெறிச்சிச்சு. மகன் செத்த அன்னைக்கு விட்டுட்டுப் போன மாதிரி இன்னைக்கு விடல. ஒவ்வொரு கல்லா நெம்பி வெளிய போட்டாரு. உள்ளங்கை கிழிஞ்சு மம்பட்டிப் புடியில ரத்தம் ஒட்டுச்சு. முந்துன நாளு வரைக்கும் கொட்டுன மழைத்தண்ணி அந்த மண்ணுல ஒரு சொட்டுகூட தேங்கல.

சாமி குடிசைக் கம்பப் புடிச்சு, மரத்தப் புடிச்சு, கடைசியில தவழ்ந்தே வந்து சேந்தாரு. குழியப் பாத்தாரு. தன் காலப் பாத்தாரு.

"இது எனக்குப் பத்தாதேண்ணே."

வீரணன் நிமிரல. மண்ண அள்ளிக் கரையில போட்டாரு.

"இது உங்களுக்கு இல்ல சாமி."

சாமி குழி ஓரமாச் சருகக் கூட்டி, அதுமேல மெதுவா உக்காந்தாரு.

"அப்ப சுருக்கா வெட்டுங்க. அடுத்து வரிசையில நான் நிக்கிறேன்."