பூவாயி திறக்காத வாய்

எறும்புக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு புளியமரத்தடிப் புற்றில் பூவாயி என்ற எறும்பும் அவள் தங்கை காத்தாயியும் இருந்தார்கள். எறும்புகளிடம் அப்போது ஒரு வழக்கம். வழியில் யாரைக் கண்டாலும் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது; தன் வாயில் இருப்பதில் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஊட்டுவதில் பூவாயியை மிஞ்ச ஆளில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பூத்த புழு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. தின்றாள், வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே வீடு வந்தாள். மறுநாள் உடம்பு கொதித்தது. அவளிடம் வாங்கித் தின்றவர்கள் சுருண்டு விழுந்தார்கள். அவர்களிடம் வாங்கியவர்களும் விழுந்தார்கள். பலர் எழவேயில்லை.

பூவாயிக்கு விளங்கிவிட்டது. நோய்க்குக் கால் கிடையாது. நாம்தான் வாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிகிறோம். வெளியே போயிருந்த காத்தாயி திரும்புவதற்குள் அவள் புற்றைவிட்டு ஓடி, தூரத்தில் ஒரு புளியம்பழ ஓட்டுக்குள் படுத்துக்கொண்டாள்.

எல்லாரோடும் இடித்துக்கொண்டு தூங்கிப் பழகியவளுக்கு, ஒரு கால்கூட உரசாத அந்தத் தூக்கம் நோயைவிடக் கொடுமையாக இருந்தது. உடம்புக்குள் மட்டும் ஒரே அமளி. உள்ளே இருக்கும் காவலாட்கள் அடுப்பை மூட்டிவிட்டு, நுழைந்தவன் எவன் என்று மூலைமுடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

காத்தாயி தேடி வந்துவிட்டாள்.

"அக்கா, ஏன் இங்க வந்து கிடக்க? வாயத் திற, தேன் கொண்டாந்திருக்கேன்."

"கிட்ட வராதடி. புத்துல போய்ச் சொல்லு, யாரும் யாருக்கும் ஊட்ட வேணாம்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒரு வாய் வாங்கிக்கக்கா."

தேன் வாசம் பசியைக் கிளறியது. பூவாயி வாயை இறுக மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தாள். தங்கை அழுதுகொண்டே போகும் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவளும் அழுதாள்.

ஒருவழியாகச் சூடு இறங்கியது. காவலாட்கள் எதிரியின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்; அந்த நோய் இனி அவளிடம் வாலாட்ட முடியாது. ஆனால் அவள் புற்றுக்குத் திரும்பியபோது எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். காத்தாயி மட்டும் வாயை மூடியபடி மெல்ல நெருங்கி, மீசையால் அக்காவின் முகத்தைத் தடவி முகர்ந்து பார்த்தாள்.

"சுகமாக்கா?"

"சுகந்தான்டி."

அதன் பிறகுதான் தேனை ஊட்டினாள்.

எதிரெதிரே வரும் எறும்புகள் நின்று மீசையால் முகம் தொட்டுப் பார்ப்பது அன்று முதல்தான். நோய் கண்ட எறும்பு, யாரும் விரட்டாமலே புற்றைவிட்டுப் போவதும் அன்று முதல்தான். வரிசையை விட்டு ஓர் எறும்பு தனியே போனால் வழிதவறியவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளைத் தேடிக்கொண்டு தங்கை ஒருத்தி பின்னால் வந்துகொண்டிருப்பாள்.