புகை வந்த வீட்டுக்கு அரிசி இல்லை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், என்ன பேர் என்றெல்லாம் கேட்காதீர்கள். கதைக்கு அது தேவையில்லை. நல்ல மனுஷர்தான். அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு வாராவாரம் அரிசி கொடுத்துவந்தார். ஆனால் கடைசியாக ராஜா காதில் யார் ஓதினாரோ, அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

ஒருநாள் காலை உப்பரிகையில் நின்றவருக்கு ஏழைகள் தெருவில் கூரைக்குக் கூரை புகை தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அமைச்சர் நீலமேகர், "பார்த்தீர்களா மகாராஜா! அடுப்பு எரிகிறதென்றால் வீட்டில் சோறு இருக்கிறது. இவர்களுக்கா அரிசியை வாரி இறைக்கிறோம்?" என்றார்.

"அட, ஆமாம்! இனிப் புகை வந்த வீட்டுக்கு அரிசி கிடையாது" என்றார் ராஜா.

நீலமேகருக்கு விகடகவி கூத்தையனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "மகாராஜா, இந்தப் பொறுப்பைக் கூத்தையனிடமே ஒப்படையுங்கள். ஒரு வீட்டுக்குச் சலுகை காட்டினாலும் அவனை நாடு கடத்திவிடலாம்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். பாவி மனுஷன்!

முரசு அறைந்தார்கள். கூத்தையன் தெருவைப் பார்க்கப் போனான். வெள்ளையம்மாள் என்ற கூலிக்காரி வீட்டில் மூத்த பிள்ளை ஊறவைத்த அரிசியை வேகவைக்காமலே மென்றுகொண்டிருந்தது. சின்னது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது.

"என்ன தாயி, சோறாக்கிப் போடக் கூடாதா?"

"ஆக்கினா புகை வருதே சாமி! ராஜா குடுத்த அரிசியைத்தான் ஆக்குறோம். ஆக்கினா அடுத்த வாரம் அரிசி இல்லேங்கிறாங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

ஆணையை மீறினால் கூத்தையனும் போவான், அவளுக்கும் அரிசி போகும். யோசித்தபடியே அரண்மனைக்குத் திரும்பினான்.

மறுநாள் காலை அரண்மனைச் சமையல்காரர்கள் வழக்கம்போல் கூடையோடு களஞ்சியத்துக்கு வந்தார்கள். வாசலில் கூத்தையன் உட்கார்ந்திருந்தான்.

"உங்க அடுப்பிலே புகை வந்துச்சு. என் கண்ணாலே பார்த்தேன். அரிசி கிடையாது, போங்க போங்க."

"ஐயா, விளையாடாதீங்க! ராஜா சாப்பாடு!"

"இதுவும் ராஜா ஆணைதான்."

மதியம் ராஜாவும் அமைச்சரும் பந்தியில் அமர்ந்தார்கள். இலையில் வந்தது, மடைப்பள்ளியில் மிச்சம் கிடந்த அரிசியை ஊறவைத்து ஆளுக்கு ஒரு பிடி. ராஜா வாயில் போட்டு மென்றார், துப்பினார்.

"எவன் வேலை இது?"

கூத்தையன் வந்து வணங்கினான். "அடியேன்தான் மகாராஜா. தங்கள் மடைப்பள்ளியில் புகை வந்தது. ஆகவே தாங்கள் வசதியானவர் என்று அரிசியை நிறுத்திவிட்டேன். சலுகை காட்டினால் நாடு கடத்துவீர்களே!"

"மூடனே! அது நேற்றுக் களஞ்சியம் தந்த அரிசியைச் சமைத்த புகை. அதற்காக இன்று நிறுத்தினால் எதைச் சமைப்பது?"

"இதையேதான் வெள்ளையம்மாளும் கேட்டாள், மகாராஜா. புகைக்குப் பயந்து அவள் பிள்ளைகளும் இதைத்தான் தின்கிறார்கள். சின்னது வயிற்றுவலியில் துடிக்கிறது."

ராஜா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. பிறகு நீலமேகரைப் பார்த்தார். அமைச்சர் ராஜாவுக்கு எதிரே துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாய் நிறைய அரிசியோடு விழித்துக்கொண்டிருந்தார்.

"நீலமேகரே, இனி வாராவாரம் எல்லாருக்கும் பழையபடி அரிசி உண்டு. அதோடு தினமும் காலையில் நீர் உப்பரிகை ஏறும். எந்தக் கூரையில் புகை வரவில்லையோ, அந்த வீட்டுக்கு உம் தோளிலேயே ஒரு மூட்டை சுமந்துபோம்."

அன்றே புது ஆணையை முரசறைந்தார்கள். மறுநாள் ஒரே ஒரு கூரையில்தான் புகை இல்லை. நீலமேகர் மூச்சு வாங்க மூட்டையை வெள்ளையம்மாள் வாசலில் இறக்கினார்.

அவள், "ஆக்கலாங்களா சாமி? ஒண்ணும் ஆயிடாதே?" என்றாள்.

"அடுப்பை மூட்டு தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகும்! இல்லாவிட்டால் நாளைக்கும் நான்தான் சுமக்க வேண்டும்!"

கொஞ்ச நேரத்தில் அந்தக் கூரையிலும் புகை எழுந்தது. உப்பரிகையிலிருந்து பார்த்த ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையனுக்குப் போட்டார்.