பிணம் பெற்ற பிள்ளை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் குதிரைக்கு வயிற்றுவலி வந்தது. வைத்தியர் மருந்து கொடுத்தார், குதிரை செத்தது. ராஜா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இரண்டு சட்டம் போட்டார். எந்த வைத்தியர் கையில் உயிர் போகிறதோ அந்தக் கை வெட்டப்படும். அரண்மனை முத்திரை பெறாதவர் உயிருள்ள யாருக்காவது வைத்தியம் பார்த்தால் அந்தக் கையும் வெட்டப்படும்.

முத்திரை கொடுக்கும் அதிகாரம் தலைமை வைத்தியர் திருமேனிநாதருக்கு. மருமகன்களுக்கும் மைத்துனர்களுக்கும் கொடுத்ததோடு முத்திரை தீர்ந்துவிட்டது என்றார். அவர்களும் கெட்டிக்காரர்கள்தான். சேற்றுப்புண் என்றால் ஓடி வருவார்கள். நாடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், 'நான் வருமுன்பே இறந்துவிட்டார்' என்று ஓலை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஊரில் பாதிப் பேர் மூச்சு இருக்கும்போதே செத்துப்போனார்கள்.

அரண்மனை விகடகவி சடையனின் மனைவி காத்தாயிக்கு இரண்டு நாளாக இடுப்புவலி. பிள்ளை இறங்கவில்லை. சடையன் திருமேனிநாதர் காலில் விழுந்தான். சபையில் தன்னைக் கேலி செய்தவன் காலில் கிடக்கிறானே என்ற சந்தோஷத்தில் அவர் வந்தார். நாடியைத் தொட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுத்தாணியை எடுத்தார்.

"என்னாங்க எழுதுறாரு?" என்றாள் காத்தாயி.

"மருந்துதான் புள்ள," என்றான் சடையன். அவன் பிழைப்பில் சொன்ன விகடங்களிலேயே அதுதான் கேடுகெட்டது.

அவர் போனதும் மருத்துவச்சி வேலம்மை கொல்லை வழியாக வந்தாள். முத்திரை இல்லாதவள். உச்சிப்பொழுதில் பெண் குழந்தை பிறந்தது. அழுகுரல் கேட்டதும், திருமேனிநாதர் போகும்போது வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போன காவலர்கள் உள்ளே புகுந்தார்கள்.

"நஞ்சுக்கொடி இன்னும் விழலய்யா! ரத்தம் போவுது, என்னை விடுங்கய்யா!" என்று வேலம்மை கத்தக் கத்த ராஜசபைக்கு இழுத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரியைக் காவல் வைத்துவிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு சடையன் பின்னால் ஓடினான்.

"அரசே, இவள் முத்திரையின்றி வைத்தியம் பார்த்தாள். கையை வெட்ட ஆணையிடுங்கள்," என்றார் திருமேனிநாதர்.

சடையன் ஓலையை நீட்டினான். "மன்னவா, என் மனைவி காலையிலேயே இறந்துவிட்டாள். தலைமை வைத்தியரே முத்திரை குத்தியிருக்கிறார். தங்கள் சட்டம் உயிருள்ளவர்களைப் பற்றியது. பிணத்தைத் தொட்டவளுக்கு என்ன தண்டனை?"

"பிணம் பிள்ளை பெறுமா?"

"வைத்தியரைக் கேளுங்கள் அரசே. தங்கள் முத்திரைக்குக் கீழே பொய் எழுதியிருந்தால் அவர் கை என்னாகும் என்பதையும் கேளுங்கள்."

திருமேனிநாதருக்கு வியர்த்துக் கொட்டியது. "பெறும் அரசே. அபூர்வமாக."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது. "அவளை விட்டுவிடுங்கள்!" என்றார். சடையன் கும்பிட்டுவிட்டு வேலம்மையோடு வாசலுக்குத் திரும்பினான்.

"எங்கே போகிறாய்? மகாராணி இதைக் கேட்க வேண்டாமா? நீ, மருத்துவச்சி, வைத்தியர் மூவரும் இங்கேயே நில்லுங்கள். அவள் வந்ததும் முதலிலிருந்து சொல்."

"அரசே, என் மனைவி வீட்டில்..."

"அவள்தான் இறந்துவிட்டாளே!" என்று ராஜா மறுபடி சிரித்தார்.

உயிரோடிருக்கிறாள் என்று சொன்னால் வேலம்மையின் கை போய்விடும். சடையன் திறந்த வாயை மூடிக்கொண்டான். மகாராணி தலைவாரிப் பூச்சூடி வரும்வரை நின்றான். முதலிலிருந்து சொன்னான். சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் எல்லோரும் சிரித்தார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

ஓட்டமாக ஓடினார்கள். பாய் முழுக்க நனைந்து, ரத்தம் தரையில் இறங்கியிருந்தது. வேலம்மை காத்தாயியின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள்.

"நான் வர்றதுக்குள்ள போய்ட்டாளே தம்பி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சடையன் மடியிலிருந்த ஓலையை எடுத்துப் பார்த்தான். அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

ராஜா சிரித்தார், பரிசும் கொடுத்தார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். குழந்தைதான் பாலுக்கு அழுதுகொண்டே இருந்தது.