தொண்டைக்கு ஒரு கை

ரொசாரியோ மாஸ்டருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு, உள்ளே சின்னதாக ஒரு வால்வு வைத்தார்கள். துளையைக் கட்டைவிரலால் அடைத்தால் பேச்சு வரும். அதுவும் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வரும். விரலை எடுத்தால் ஒன்றும் கிடையாது.

பெரம்பூரில் கிட்டார் வாசித்து ப்ளூஸ் பாடிய மனுஷன் அவர். அமெரிக்கப் பருத்திக் காடுகளில் கறுப்பு ஜனங்கள் வயிறெரிந்து பாடிய பாட்டு அது. அதைக் கப்பலில் பாடினார், கல்கத்தா ஓட்டல்களில் பாடினார். சினிமாக்காரர்கள் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசி என்றபோது கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

மாஸ்டர் வழக்கமாக வாசிக்கும் கிளப்பின் ஆண்டு விழா வந்தது. மாஸ்டரின் சிஷ்யை பிலோமினாவைச் செயலாளர் ஞானதுரை தனியாகக் கூப்பிட்டார்.

"அவர் வாசிக்கட்டும். நீ பாடு. அந்தக் குரலைக் கேட்டா சாப்பிடறவன் தட்டை வச்சிட்டு எழுந்து போயிடுவான். மைக்கைத் தொட்டார்னா ஆஃப் பண்ணிடுவேன்."

பிலோமினா தலை நரைக்கும்வரை மேடையில் பின்வரிசையிலேயே நின்றவள். மைக் முன்னால் நிற்க ஆசையாக இருந்தது. இந்த நேரத்தில் ஆசைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நேரே மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மாஸ்டர் கட்டைவிரலைக் கழுத்தில் வைத்தார். "நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன். வேற என்ன மாஸ்டர் செய்யறது? இருக்கறது ரெண்டு கை. கிட்டாருக்கே ரெண்டும் வேணும். தொண்டைக்கு ஒண்ணு குடுத்தா வாசிக்க முடியாது. நீங்க எதை விடப் போறீங்க?"

மாஸ்டர் கிட்டாரை எடுத்து, இடது கை எதையும் அழுத்தாமலே எல்லாத் தந்தியும் ஒத்து ஒலிக்கும்படி சுருதியை மாற்றினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

விழா அன்று பிலோமினா மைக் முன்னால் நின்றாள். வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

மாஸ்டரின் வலது கை மட்டும், மாற்றி வைத்த சுருதியில் தந்திகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. இடது கட்டைவிரல் கழுத்துக்குப் போனது.

"கதவ சாத்திட்டியா, சாத்திக்கோ."

விரலை எடுத்தார். இடது கை கிட்டாருக்கு இறங்கியது. கிட்டார் அந்த வரிக்குப் பதில் சொன்னது.

பிலோமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ப்ளூஸில் தொண்டை பேசும்போது கிட்டார் வெறும் தாளம் போட்டுக் காத்திருக்கும், கிட்டார் பேசும்போது தொண்டை காத்திருக்கும். இரண்டுக்கும் அந்தக் கை ஒரே நேரத்தில் தேவைப்படுவதே இல்லை.

ஞானதுரை மைக்கை அணைத்தார். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதே வரியை இன்னொரு தரம் பாடினார். ஒரு குடும்பம் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியேறியது. மற்றவர்கள், அவர் குரல் காதில் விழவேண்டுமே என்று கரண்டிகளைக் கீழே வைத்தார்கள்.

"சந்துல நின்னு பாடுவேன், காதப் பொத்திக்கோ."

நிகழ்ச்சி முடிந்ததும் ஞானதுரை மேடையேறி வந்தார். இனிமேல் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் நிதானமாகக் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிலோமினாவுக்கு மனசு கேட்கவில்லை. "அந்த ஆளை விடுங்க மாஸ்டர். எனக்கே கேக்க முடியலை. நிஜமாவே நல்லா இல்லை."

மாஸ்டர் துணியைக் கீழே வைத்தார். கட்டைவிரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

"நல்லா இருக்குன்னு காட்டவா பாடினேன், பிலோ? இருக்கேன்னு காட்டத்தானே பாடினேன்."